ஏலவ்வையாகப் பேசிய சரளா

சரளாக்கா வீடும் எங்கள் வீடும் ஸ்ரீராம்புரத்தில் ஒரே சந்தில் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஒரு ஸ்கூட்டர் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவர் வீட்டில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எனக்குத் தெரியும். நான் பிளவுஸ் தைக்கிற மெஷினை எப்போது நிறுத்தினேன் என்று அவருக்குத் தெரியும். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் கண்டது, மீதி அவரே என்னிடம் சொன்னது.

அவர் அப்பா மில் கூலி. அக்கா தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்துவிட்டு, கோவிந்தப்பா அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்தச் சந்துக்கு வந்தார். அண்ணன் மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரே மகன் தினேஷ். அக்காவுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. வெளிநோயாளிகள் உட்கார்ந்திருக்கிற ஹாலில் மைக்கில் பேர் கூப்பிட வேண்டும், கன்னடத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தார். கனத்த குரல். கத்தவே மாட்டார், ஆனாலும் கடைசி பெஞ்சு வரை போகும். என் மாமியாரை அங்கே கூட்டிப் போனபோது நானே பார்த்திருக்கிறேன். நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவி, அந்தக் குரலில் தன் பேரைக் கேட்டதும் என் கையை விட்டுவிட்டு எழுந்து நடந்தாள்.

2019இல் அந்த ஹாலில் மூன்று மாதம் தன் அப்பாவுடன் வந்து உட்கார்ந்திருந்தவர் சிவசங்கரன். கதை எழுதுகிறவர். போனில் கதைகளைக் குரலாகக் கேட்கிற ஆப் ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அக்காவிடம் போய், "அம்மா, நீங்க ஒரு ராணியா பேசணும்" என்றிருக்கிறார்.

"இங்க அட்டெண்டர்கூட என்னை வா போன்னுதான் கூப்பிடறான். நான் ராணியா?" என்று அக்கா சிரித்திருக்கிறார்.

"அதான் வேணும். அரண்மனையில யாரும் மதிக்காத ராணி" என்றாராம் அவர்.

பிரேசர் டவுனில் ஒரு பழைய பங்களாவின் அறைகளைத் தடுத்து ஸ்டுடியோவாக்கி வைத்திருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து அங்கே போவார். ஒரு வருஷத்தில் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டார்.

ராணியின் பேர் ஏலவ்வை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், பாலாறு தொடங்குகிற பக்கத்தில் ஒரு சின்ன நாடு. உடைந்த கல் ஒன்றில் அந்தப் பேரை மட்டும் படித்ததாகச் சிவசங்கரன் சொல்வார். மற்றதெல்லாம் அவர் கற்பனை. பன்னிரண்டு வயதில் ஏலவ்வையைக் கல்யாணம் செய்து கொண்டுவருகிறார்கள். இருபத்தைந்தில் ராஜா வேட்டைக்குப் போன இடத்தில் சாகிறான். புலி அடித்தது என்கிறார்கள், ஆனால் உடம்பில் புலி நகம் பட்ட காயம் இல்லை. ஏழு வயது மகனை அரியணையில் உட்கார வைத்துவிட்டு இவள் பின்னால் நின்று ஆள்கிறாள். ராஜாவின் தம்பியும் படைத்தலைவனும் ஒவ்வொரு நாளும் ஒரு குழி தோண்டுகிறார்கள். தாதிகளை விலைக்கு வாங்குகிறார்கள். பொய் ஓலை எழுதுகிறார்கள். பையன் காதில் அம்மாவைப் பற்றி ஏதாவது ஊதிக்கொண்டே இருக்கிறார்கள்.

முடிசூட்டும் நாளில் பையனுக்கு ஒரு கிண்ணம் பால் வருகிறது. ஏலவ்வை அதை வாங்கி, சபை பார்க்க, கொழுந்தனிடம் நீட்டுகிறாள். "முதல் மிடறு சித்தப்பாவுக்கு." அவ்வளவுதான் வசனம். அக்கா அதை ரொம்ப மெதுவாகச் சொல்லியிருந்தார். மறுநாள் எங்கள் சந்தில் யார் வீட்டில் காபி போட்டாலும் அந்த வசனம்தான். என் புருஷனுக்கு நான்கூடச் சொன்னேன்.

கொரோனாவில் எல்லாம் அடைத்துக் கிடந்தபோது அக்கா வீட்டிலேயே பதிவு செய்தார். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, தலை மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனில் பேசுவார். அந்த ஒரு மணி நேரம் சந்தில் மிக்சி ஓடாது. குழாயடியில் சத்தம் வந்தால், "சும்னிருங்கடி, ராணி பேசிகினு கீறாங்க" என்று யாராவது அதட்டுவார்கள். அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தினேஷுக்கு 2021 கடைசியில் கல்யாணம். பெண் சந்தாபுராவிலிருந்து வந்தாள். வீணா என்று பேர். நல்ல பெண், கொஞ்சம் பயந்தவள். அத்தைதான் ஏலவ்வை என்று தெரிந்ததும் கல்யாண மண்டபத்திலேயே காலில் விழுந்தாள். ஒவ்வொரு பாகமும் வந்த உடனே கேட்டுவிட்டு, "அத்தே, அடுத்து என்ன?" என்று பின்னாலேயே சுற்றுவாள். அக்கா சொல்ல மாட்டார். "போடி, ராஜ ரகசியம்" என்பார்.

2023 ஆடி மாதம் வீணாவுக்கு ஐந்து மாசம். அந்தச் சமயத்தில்தான் ஸ்டுடியோவில் அந்தத் தாள்களைக் கொடுத்தார்கள்.

கேட்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். பெரிய அதிர்ச்சி ஒன்று வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொன்னதால் சிவசங்கரன் புதிதாக எழுதியிருந்தார். ஏலவ்வையின் மகன் இப்போது பெரியவன், அவன் மனைவி ஏழு மாசக் கர்ப்பிணி. பிறக்கிற பிள்ளையால் நாடு அழியும் என்று ஜோசியன் சொல்கிறான். ஏலவ்வை மருமகளைக் கோட்டைக் கிணற்றில் தள்ளச் சொல்கிறாள்.

அக்கா தாளை ஒரு தரம் படித்தார். மறுபடி படித்துவிட்டு எழுந்துவிட்டார்.

"இதை ஏலவ்வை சொல்ல மாட்டா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங் பார்த்துக்கொண்டிருந்தவள் கிருத்திகா, திருச்சியிலிருந்து வந்த பெண். அக்காவை "சரளாம்மா" என்றுதான் கூப்பிடுவாள். பொங்கலுக்கு எங்கள் சந்துக்கே வந்து சாப்பிட்டுப் போனவள். "கதைதானேம்மா" என்றாள்.

"நாலு வருஷமா இவளை நான் பேசறேன். பிள்ளையைக் காப்பாத்தறதுக்காகத்தான் இவ்வளவும் செஞ்சா. இவளா தள்ளுவா?" அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: "என் வீட்டுல ஒருத்தி மாசமா இருக்கா கண்ணு. அந்த வார்த்தை என் வாயில வரக்கூடாது."

நரேஷ் என்பவர்தான் அங்கே எல்லாவற்றையும் நடத்துகிறவர். சின்ன வயது. கோபமே படவில்லை. "நோ பிராப்ளம்மா. வேற யோசிக்கலாம்" என்று கைகூப்பி அனுப்பிவிட்டார். அக்கா வழியில் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தார். தான் சொல்லி ஒரு விஷயம் நின்றுவிட்டது என்ற சந்தோஷம். எனக்கும் இரண்டு மைசூர்பாக் கொடுத்தார்.

அடுத்த வாரம் கிருத்திகா போன் செய்தாள். புது மைக் வந்திருக்கிறது, உங்கள் குரலுக்கு அதைச் சரிபார்க்க வேண்டும் என்றாள். மூன்று மத்தியானம் அக்கா போனார். கதையில்லாத வெறும் வாக்கியங்கள், நூற்றுக்கணக்கில். கோபமாக, அழுகிற மாதிரி, சிரித்துக்கொண்டு, கிசுகிசுவென்று, பல விதமாகப் படிக்கச் சொன்னாள். "எதுக்குக் கண்ணு இவ்வளவு?" என்று ஒரு தரம் கேட்டதற்கு, "மைக் ரொம்பக் காஸ்ட்லிம்மா" என்றாளாம். எப்போதும் கூட உட்கார்ந்து டீ குடிக்கிறவள் அந்த மூன்று நாளும் வெளியே வரவே இல்லை என்பது அக்காவுக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதன்பின் ஸ்டுடியோவிலிருந்து கூப்பிடவே இல்லை. முன்பே பதிவான பாகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கதையை மாற்றி எழுதுகிறார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. காவிரித் தண்ணீர் வருகிற நாள். அக்கா குழாயடியில் இருந்தார், நான் தைத்துக்கொண்டே புதுப் பாகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏலவ்வை பேசினாள்.

"வயிற்றோடு தள்ளுங்கள். தண்ணீர் இரண்டு உயிரையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளட்டும்."

மெஷின் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்தேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் வெறுப்பு வந்தது. மாசமான மருமகளை வீட்டில் வைத்துக்கொண்டு இதைப் போய்ப் பேசிவிட்டு, இங்கே ஒன்றும் தெரியாத மாதிரி தண்ணீர் பிடிக்கிறாரே என்று தோன்றியது. ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

வீட்டுக்குள் வீணா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"எப்ப போய் இதைச் சொல்லிட்டு வந்தீங்க அத்தே?"

"எதை?"

வீணா மறுபடி போட்டுக் காட்டினாள். அக்கா குடத்தை இறக்காமலே கேட்டார். அவர் குரல்தான். 'தள்ளுங்கள்' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன இழுப்பு, அதுகூட அவருடையதுதான்.

"நான் சொல்லலைம்மா. சத்தியமா நான் இதைச் சொல்லலை."

"உங்க குரல்தானே அத்தே."

அக்கா குடத்தை இறக்கி வைத்தார். ஒரு கணம், தானே எப்போதோ சொல்லிவிட்டு மறந்துவிட்டோமோ என்று பயந்துபோனதாக என்னிடம் சொன்னார்.

மறுநாளே பிரேசர் டவுனுக்குப் போனார். கோவிந்தப்பா அண்ணனும் கூடப் போனார். கிருத்திகா அவர்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "எனக்குத் தெரியாதும்மா" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி, "தெரியும்மா. வேலை போயிடும்னு சொன்னாங்க" என்று அழுதாள். மூன்று மத்தியானம் படித்த வாக்கியங்களைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கியிருக்கிறார்கள். இனி எழுதிப் போட்டால் போதும், அது சரளாக்கா மாதிரி பேசும்.

நரேஷ் ஒரு காகிதத்தைக் காட்டினார். 2019இல் அக்கா கையெழுத்துப் போட்டது. இங்கிலீஷில் பதினோரு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் குரலை எந்த விதத்திலும் பயன்படுத்தலாம் என்று இருக்கிறதாம்.

"அது என் குரல் சார். என் வாயில இருக்கிறது."

"புரியுதும்மா. உங்களுக்குச் சங்கடமா இருந்தா உங்க பேரை எடுத்துடறோம்."

அண்ணன் கன்னடத்தில் சத்தம் போட ஆரம்பித்தார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சொன்னபடியே மறுநாள் பேரை எடுத்துவிட்டார்கள். ஏலவ்வை பேசிக்கொண்டிருந்தாள். யார் பேசுகிறார்கள் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. தெரிந்த வக்கீல் ஒருவர் நோட்டீஸ் அனுப்பினார். அதே ஒன்பதாம் பக்கத்தைக் காட்டிப் பதில் வந்தது. இது வருஷக்கணக்கில் இழுக்கும் என்று வக்கீல் சொன்னதும் அக்கா அதை அப்படியே விட்டுவிட்டார்.

கிணற்றுப் பாகம் வந்த வாரமே வீணாவின் அம்மா சந்தாபுராவிலிருந்து வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் நின்றே பேசினாள். "மெஷினோ என்னமோ, எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்தக் குரல் இருக்கிற வீட்டுல என் பொண்ணு பிள்ளை பெத்துக்க வேணாம்." தினேஷ் அம்மாவைப் பார்த்தான், வீணாவைப் பார்த்தான், பிறகு பையை எடுத்து வைத்தான். வீணா போகும்போது அத்தையிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை.

எட்டாம் மாதம் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு நாள் இருந்தது.

டாக்டர் காரணம் சொன்னார், தினேஷுக்குப் புரிந்தது. அக்காவும் அண்ணனும் சந்தாபுராவுக்குப் போனார்கள். வீணாவின் அம்மா கேட் வரை வந்து, அழுத முகத்தோடு கும்பிட்டாள். "உள்ள வாங்க. ஆனா நீங்க பேசாதீங்கம்மா. உங்க குரலை அவ கேக்க வேணாம்." அக்கா தலையாட்டினார். உள்ளே போய் வீணாவின் கால்மாட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சே குறைந்துபோனது. காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டுவார். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுகூட அண்ணன்தான். ஒரு தரம் ஆட்டோவில் ஏறி இடம் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "அம்மா, நீங்க ஏலவ்வை மாதிரியே பேசறீங்க. அந்தக் கிழவி பாவம் பண்ணிட்டா" என்றானாம். இறங்கி நடந்தே வந்தார். அன்றைக்குத்தான் என் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வாரம் பேசாமல் இருந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ மட்டுமா?" என்றார். அதைத் திட்டாகச் சொல்லவில்லை, எண்ணிப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். தினேஷ் அப்போதே சந்தாபுராவில் தனி வீடு பார்த்துக்கொண்டு போயிருந்தான்.

இந்த வருஷம் தை மாதம் சிவசங்கரன் சந்துக்குள் வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். தொடரை முடிக்கப்போகிறார்களாம். மகனே கைவிட்டபின் ஏலவ்வை மலையேறி, சாப்பாட்டை விட்டு, வடக்கிருந்து சாகிறாள். நாற்பது நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற குரல் வேண்டும்.

"மெஷினுக்கு அது வரலைம்மா. எப்படிப் போட்டாலும் மூச்சு நிறைய, தெம்பாப் பேசுது."

கோவிந்தப்பா அண்ணன், "பேடா சரளா, வேணாம். போகாதே" என்றார். அக்கா எழுந்து வந்து சிவசங்கரன் முன்னால் நின்றார். பிறகு, "சாகறதை நானே பேசறேன். ஆனா ஒரு வரி நான் சொல்றபடி வரணும்" என்றார்.

வரியைக் கேட்டதும் சிவசங்கரன் தலையைக் குனிந்துகொண்டார். "வரும்மா. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

ஒரே நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை பதிவு. அக்கா அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிருத்திகாதான் இருந்தாள். இரண்டு பேரும் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. கடைசிக் காட்சியில், பக்கத்தில் இருக்கிற துறவிப் பெண்ணிடம் ஏலவ்வை சொல்கிறாள்: "கிணற்றங்கரையில் கேட்டது என் குரல். சொன்னது நான் இல்லை." அதோடு மூச்சு நிற்கிறது. பதிவு முடிந்தும் அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. கிருத்திகா விளக்கைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். கிட்டே வரத் தைரியம் இல்லை.

சிவசங்கரன் வாக்கைக் காப்பாற்றினார். வரி அப்படியே வந்தது. அக்காவும் அண்ணனும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். நான் கேட்டுக்கொண்டே அழுதேன். பிறகு கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நிறுத்தியிருக்க வேண்டும், அக்கா படிக்கச் சொன்னார். 'சாகும்போதும் பொய் சொல்கிறாள்.' 'கடைசி வரை நடிப்பு.' 'இவளுக்கு இந்தச் சாவு போதாது.' ஆயிரக்கணக்கில் இருந்தன, எல்லாம் ஏறக்குறைய அப்படித்தான். அரண்மனைக்குள் வேறு யாரோ அவள் குரலில் பேசியிருக்கலாம் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அக்கா, "சரி, விடு" என்று எழுந்து போய் அரிசி களைந்தார்.

பதினைந்து நாள் கழித்து வீணா வந்தாள், தனியாக. தினேஷிடம்கூடச் சொல்லவில்லையாம். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றே கேட்டாள்.

"அந்தக் கடைசி வரி மெஷினா, நீங்களா அத்தே?"

"நான்தான்."

வீணா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். உள்ளே பேச்சுச் சத்தமே கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவளை பஸ் ஏற்றிவிட அண்ணன் போனார். அதன்பின் அவள் வரவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் போன் செய்கிறாள். அக்கா பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார், 'ம்' கொட்டுவார். அந்த வீட்டில் இப்போதைக்கு நடந்திருக்கிற நல்லது அவ்வளவுதான்.

போன மாதம் அதே ஆப்பில் புதுத் தொடர் ஆரம்பித்திருக்கிறது. வேறு நாடு, வேறு அரசி, குரல் மட்டும் அதே. கோவிந்தப்பா அண்ணன் எங்கள் சந்தில் வீடு வீடாக வந்து, தயவுசெய்து அதை வெளியே சத்தமாகப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். யாரும் போடுவதில்லை. நான் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னல் பக்கம் நிழல் ஆடினால் அவசரமாகக் கழற்றி, துணிக்கு அடியில் வைத்துவிட்டுத் தைக்கிறேன்.